எது மேல்?

"ஒரு பொண்ணு வாயை அடைக்கணும். அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க டாக்டர்."

வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிய கையோடு கேட்டுவிட்டார்.

ஆய்வுக்கூடத்துக்குள் இருந்த மைமூன் நிமிரவில்லை. கையில் சல்லடை, சல்லடையில் சேறு. மேலே குழாயிலிருந்து தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது.

"உட்காருங்க சார்."

"உட்கார முடியல."

அது உண்மைதான். பரமகுருவால் ஒரு வாரமாகவே எங்கேயும் உட்கார முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் கால் ஆடியது. பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கும்வரை ஆடியது.

பெயரிலேயே குருவை வைத்துக்கொண்டு, தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோமே என்ற கூச்சமும் அவருக்கு இருந்தது. ஆனால் கூச்சம் பார்க்கிற நிலையை அவர் தாண்டியிருந்தார்.

அவர் புவியியல் பேராசிரியர். இந்த வருஷம் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புதுப் பாடம் ஒன்று வந்தது. பழங்காலக் காலநிலை என்று பெயர். மழையை அளக்க ஆளில்லாத காலத்தில் மழை எப்படிப் பெய்தது, வெயில் எப்படி அடித்தது என்கிற படிப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவியபோது இவர்தான் கையைத் தூக்கினார். ஆசைப்பட்டே தூக்கினார், பாவம்.

மைமூன் சேற்றைப் படிக்கிறவர். கண்மாய், உப்பளம், காயல் என்று ஊர் ஊராகப் போய், குழாயை அடிமண்வரை இறக்கி, மண்ணைக் குழாயோடு பிடுங்கி வருவார். அந்தக் குழாய்களை நீளவாக்கில் பிளந்து ஒரு குளிர் அறையில் அடுக்கி வைத்திருந்தார். மனுஷனுக்கு மின்விசிறியே ஓடாத கட்டடத்தில் சேற்றுக்கு ஏ.சி. போட்டிருக்கிறார்கள் என்று அந்தத் தெருவில் எல்லாரும் பேசிக்கொள்வார்கள்.

"என்ன கேட்டுச்சு அந்தப் பொண்ணு?"

"ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கம் இப்ப இருக்கறதைவிட மழை அதிகம்னு சொல்லிட்டிருந்தேன். திரையில படம் போட்டு, கோடு எல்லாம் காட்டி, ரொம்ப நல்லாப் போய்ட்டிருந்துச்சு டாக்டர். மூணாவது பெஞ்சுல இருந்து கை தூக்குச்சு. பவதாரணின்னு பேரு. 'நீங்க பாத்தீங்களா சார்?'னு கேட்டுச்சு."

"ம்."

"வகுப்பே கொல்லுன்னு சிரிச்சிருச்சு."

"நீங்க?"

"வெளிய போன்னுட்டேன்."

"போச்சா?"

"போயிருச்சு. போறப்ப கதவை மெதுவாச் சாத்திட்டுப் போச்சு. அதுதான் டாக்டர் என்னால தாங்க முடியல. ஓங்கிச் சாத்தியிருந்தா எனக்குக் கோபமாவது வந்திருக்கும்."

மைமூன் சல்லடையை ஒரு சுழற்று சுழற்றினார். சேறு கரைந்து ஓடியது. அடியில் கடுகைவிடச் சின்னதாக எதுவோ மிச்சம் நின்றது.

பரமகுரு அறைக்குள் நடந்தார். சுவர்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

"அன்னையிலருந்து ஒருத்தரும் பேனாவைத் திறக்கறதில்ல. நான் பேசுறேன், பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. அந்தப் பொண்ணு வாயே திறக்கல. ஆனா எந்த மூஞ்சியைப் பார்த்தாலும் அந்தக் கேள்விதான் தெரியுது. திங்கட்கிழமை அடுத்த வகுப்பு. அதுக்குள்ள ஒரு பதில் கிடைக்கலேன்னா, முதல்வர்கிட்ட போய் இந்தப் பாடம் எனக்கு வேண்டாம்னு சொல்லிருவேன். பாடம் என்ன, வேலையே போதும்னு தோணுது. இன்னும் மூணு வருஷத்தை எதுக்கு இழுத்துப் பிடிக்கணும்?"

"பாத்தீங்களா?"

"எதை?"

"மழையை. ஏழாயிரம் வருஷத்துக்கு முந்தின மழையை."

பரமகுரு நின்றுவிட்டார். இவரிடமும் அதே கேள்வியா என்று எரிச்சல் வந்தது.

"நான் எப்படிம்மா பார்க்க முடியும்?"

"சரி" என்றார் மைமூன். அடுத்த பிடி சேற்றை எடுத்துச் சல்லடையில் போட்டார்.

"நான் பார்க்கல, சரி. பார்த்து எழுதினவங்க இருக்காங்கள்ல? சேற்றைப் பார்த்தவங்க, பனிக்கட்டியைப் பார்த்தவங்க, மரத்தோட வளையத்தை எண்ணினவங்க. அவங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தானே நான் சொல்றேன்?"

"சேறு பாத்திருக்கீங்களா?"

"படத்துல பாத்திருக்கேன்."

மைமூன் தண்ணீர்க் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு குளிர் அறைக் கதவைத் திறந்தார். பிளந்த குழாய் ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். பாதிக் குழாய்க்குள் மண் பட்டை பட்டையாகப் படுத்திருந்தது. ஒரு முனையில் கறுப்பு, நடுவில் சாம்பல், மறுமுனையில் வெளிறிய மணல்.

"படிங்க."

பரமகுருவுக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்தது. ஆசிரியரிடம் எதையாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால் சும்மா இருப்பாரா? குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடியும் இறக்கினார். கறுப்பு முனையிலிருந்து தொடங்கினார்.

"இது கரம்பை மண். தண்ணி ரொம்ப நாள் நின்னாத்தான் இப்படிக் கறுத்துப் படியும். நல்ல மழைக்காலம். இங்க சாம்பல் நிறம் வருது. தண்ணி குறையுது. இங்க பாருங்க, வெடிப்பு. தரை காய்ஞ்சு பிளந்திருக்கு. கடைசியில வெறும் மணல். மழை பொய்ச்சுப் போச்சு, ஊரே காலியாகியிருக்கும். ஒரு நாடு எப்படிச் செத்துச்சுன்னு இதுலயே இருக்கு டாக்டர்."

அவருக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது.

மைமூன் பாதிக் குழாயைத் தூக்கி முனை மாற்றி வைத்தார். இப்போது மணல் இருந்த இடத்துக்குக் கறுப்பும், கறுப்பு இருந்த இடத்துக்கு மணலும் வந்தன.

"இப்ப படிங்க."

பரமகுரு படித்தார். இந்தத் தடவை மனதுக்குள்ளேயே படித்தார். மணலில் தொடங்கியது. வறண்டு கிடந்த தரையில் கொஞ்சம் கொஞ்சமாக மழை கூடியது. கண்மாய் நிறைந்தது. செத்துப்போன ஊர் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"இப்படி வச்சா பிழைச்சிருது" என்றார்.

"ஆமா."

"எது நிஜம்? எந்தப் பக்கம் மேல்?"

"எனக்கும் தெரியாது."

"நீங்க எடுத்த மண்ணுதானே?"

"மண்ணை வெளிய எடுத்ததும் முதல் வேலை, குழாய்மேல அம்புக்குறி போடறது. இந்தப் பக்கம் மேல்னு. அதுக்கப்புறம்தான் கை கழுவறது, தண்ணி குடிக்கறது எல்லாம். இதுக்கு யாரும் போடல. மழை வந்துச்சு, வேன்ல தூக்கிப் போட்டுட்டு வந்துட்டோம். இங்க வந்து பாத்தா ஆளுக்கொரு பக்கம் சொல்றாங்க."

"மண்ணோட வயசைக் கண்டுபிடிச்சா தெரிஞ்சிருமே?"

"தெரிஞ்சிரும்."

"ஏன் பார்க்கல?"

"இது இப்படியே இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"யாராவது வந்து, படிச்சுக் காட்டுறேன்னு குனிவாங்க."

பரமகுருவுக்குக் காது சூடானது. மேசையைவிட்டு விலகி ஜன்னல் பக்கம் போனார். வெளியே ஒன்றும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் கேட்டது பதில். நீங்க எனக்குப் பரீட்சை வைக்கிறீங்க."

மைமூன் அறையின் மூலைக்குப் போனார். ஆளைவிடக் கொஞ்சம் உயரமான அலுமினியக் குழாய் ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு முனையையும் கத்திபோல அரத்தால் தீட்டியிருந்தார்கள். அதை அவர் கையில் கொடுத்தார். கூடவே ஒரு கனத்த மரச்சுத்தி, ஒரு மரக்கட்டை, வாய் மூட இரண்டு ரப்பர் மூடி.

பரமகுரு குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"ஆமா சார்."

"மண்ணு இருக்கிற குழாயாக் குடுங்க. பிள்ளைங்களுக்குக் காட்டிட்டுப் பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து தர்றேன்."

"அது நான் பாத்தது."

"அப்ப நான் இதைத் தூக்கிட்டு எந்தக் கண்மாய்க்குப் போறது? முப்பத்தஞ்சு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு? பஸ்ஸுக்கு யாரு அனுமதி தருவா?"

"உங்க காலேஜ் எங்க சார் இருக்கு?"

"பைபாஸ்ல. உங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்கு முந்தி அங்க என்ன இருந்துச்சு?"

பரமகுரு குழாயைத் தரையில் ஊன்றினார்.

அங்கே என்ன இருந்தது என்று ஊருக்கே தெரியும். கண்மாய் இருந்தது. அதைத் தூர்த்துத்தான் கல்லூரி கட்டினார்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு முதலாமாண்டுக் கட்டடத்துக்குள் வந்துவிடும். பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். முதல்வர் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு போன் பேசுவார். இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீரில் நின்றுதான் பரமகுரு புவியியல் நடத்தினார்.

"திங்கட்கிழமைக்கு இது போதுமா?" என்று கேட்டார்.

மைமூன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறுபடியும் சேற்றைக் கழுவத் தொடங்கியிருந்தார்.

*

குழாயை பஸ்ஸில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"எங்கிட்டு சார் கொடியேத்தம்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"கொடி இல்லப்பா. மண்ணு எடுக்க."

"மண்ணு எடுக்கக் குழாயா? லக்கேஜ் போட்டுக்கங்க."

வீட்டில் மனைவி கோமதி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"எந்தக் குழாய் உடைஞ்சிருச்சு?"

"எதுவும் உடையல."

"அப்ப எதுக்கு இது?"

அவர் அதைக் கொண்டுபோய்க் கூடத்தில் சுவரோரமாகச் சாத்தி வைத்தார். அது சரிந்து விழுந்தது. மூலையில் நிறுத்தினார், அங்கேயும் விழுந்தது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்தக் கட்டிலையே சுற்றிச் சுற்றி நடந்தார்.

"ஒரு இடத்துல உட்காருங்களேன்" என்றாள் கோமதி.

"பார்க்காததைச் சொல்லித்தர முடியுமா கோமதி?"

"நீங்க இமயமலையைப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"இத்தனை வருஷமா சொல்லித்தர்றீங்கள்ல?"

சமாதானமாகத்தான் சொன்னாள். அவர் கட்டிலைச் சுற்றுவதை நிறுத்தினார். இமயமலை, எரிமலை, பாலைவனம், பனியாறு. நடத்தியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தார். அது தன்மேலேயே திரும்பி உட்கார்ந்திருந்தது.

*

திங்கட்கிழமை குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பரமகுரு வகுப்புக்குள் நுழைந்தார். குழாயின் முனை நிலைப்படியில் இடித்தது. பின் பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

பவதாரணி மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். நோட்டு மூடியிருந்தது.

அவர் குழாயை வெள்ளைப்பலகையில் சாத்தினார். திரையை இறக்கவில்லை. படமும் போடவில்லை.

"பவதாரணி."

அவள் எழுந்து நின்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று பையையும் எடுத்துக்கொண்டாள்.

"நான் பார்க்கல" என்றார் பரமகுரு.

பலகையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"நீ கேட்டியே, பாத்தீங்களான்னு. நான் பார்க்கல. அந்த மழையையும் பார்க்கல. அந்த மழை போட்ட சேற்றைக்கூடப் பார்க்கல. கேட்டதுக்கு உன்னை வெளிய அனுப்பினேன். அது தப்பு."

பவதாரணி பையைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு எல்லாரும் வெளிய போவோம். வாங்க."

மைதானத்துக்குப் பின்னால் ஒரு பள்ளமான மூலை உண்டு. மழை பெய்தால் முதலில் நிறைவதும் கடைசியில் வடிவதும் அதுதான். போன வாரத்து மழையில் தரை இளகிக் கிடந்தது. ஒரு முனையைக் கீழே வைத்துக் குழாயை நிறுத்தினார்கள். மேல் வாயில் மரக்கட்டையை வைத்து, ஸ்டூல்மேல் ஏறி நின்று சுத்தியால் அடித்தார்கள்.

முதலில் இறங்கவே இல்லை. டங் டங்கென்று கல்லில் படுகிற சத்தம். குழாயைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். அங்கே கரகரவென்று இறங்கியது. ஒரு முழம் போனதும் சத்தம் மாறியது. வெண்ணெய்க்குள் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

"சார், என்ன சார் இப்படிப் போகுது?"

"கண்மாய் வந்திருச்சு" என்றார் பரமகுரு.

பிள்ளைகள் தங்கள் காலடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடிப்பதற்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் சுத்தியைப் பிடுங்கினார்கள். பாடம் நடத்தும்போது கொட்டாவி விட்ட முகங்கள்தானா இவை என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. பவதாரணி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லாரையும்விட அதிகமாக அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தாள்.

இறக்குவது சுலபம். எடுப்பதுதான் பெரும்பாடு. மண் குழாயை விடமாட்டேன் என்றது. கயிறு கட்டி இழுத்தார்கள். கம்பு கொடுத்து நெம்பினார்கள். பெல் அடித்தது, அடுத்த பெல்லும் அடித்தது. யாரும் நகரவில்லை. கடைசியில் தரைக்கடியில் பெரிதாக ஒரு உறிஞ்சல் சத்தம் கேட்டது. குழாய் பிடுங்கிக்கொண்டு வந்தது, இழுத்தவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள்.

அப்புறம் ஒரே கூச்சல். குழாயைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அந்தப் பக்கம் நாலு பேர், இந்தப் பக்கம் நாலு பேர். மண் கொட்டிவிடாமல் இரண்டு வாயிலும் ரப்பர் மூடியை அழுத்தி மூடினார்கள். கை கழுவ ஓடினார்கள். பரமகுருவும் போய்க் கழுவிக்கொண்டார். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். இவ்வளவு ருசியாகத் தண்ணீர் குடித்து எத்தனை நாளாகிவிட்டது!

குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த ஞாபகம் வந்தது.

பாட்டிலை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

குழாய் புல்மேல் கிடந்தது. நுனியிலிருந்து நுனிவரை சேறு அப்பிக்கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடி, திறந்தால் மண் கொட்டிவிடும். அம்புக்குறி எங்கேயும் இல்லை.

"எது மேல்?" என்று கத்தினார்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தப் பக்கம் சார்" என்றான் ஒருவன்.

"இல்லடா, அந்தப் பக்கம். போட்டோ எடுக்கிறப்ப நான் இங்கதான் நின்னேன்."

"போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு சுத்து சுத்திட்டோம்டா."

போனில் இருந்த படங்களைப் பார்த்தார்கள். எல்லாப் படத்திலும் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் படத்திலும் குழாயின் எந்த முனை எது என்று தெரியவில்லை.

பரமகுரு புல்மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. கால்கூட ஆடவில்லை. ஆடுவதற்கும் தெம்பு வேண்டுமே. கண்ணெதிரே காட்டி, வாய்விட்டுச் சொல்லி அனுப்பிய ஒரே விஷயம். அதைப் போய்க் கோட்டைவிட்டோமே என்று அழுகை வருகிறமாதிரி இருந்தது.

மைமூனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அம்புக்குறி போட மறந்துட்டேன் டாக்டர்."

தண்ணீர் சத்தம் நின்றது.

"அறுத்துட்டீங்களா?"

"இல்ல. அறுத்து என்ன பிரயோஜனம்? நானும் உங்களை மாதிரி ஒரு ஊமைக் குழாயை வச்சுக்கிட்டு..."

"எங்க எடுத்தீங்க?"

"நீங்க சொன்ன இடம்தான். காலேஜ் மைதானம்."

"அறுங்க சார்" என்றார் மைமூன். போனை வைத்துவிட்டார்.

*

கல்லூரிப் பட்டறையில் இரும்பு அறுக்கும் மெஷின் இருந்தது. குழாயை இரண்டு பக்கமும் நீளவாக்கில் அறுத்தார்கள். அலுமினியத் தூள் பறந்தது. மூடிகளைக் கழற்றிவிட்டு, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மண்ணை நடுவில் இரண்டாக வகுந்தார்கள். ஒரு பாதியைத் தூக்கினார்கள்.

எல்லாரும் தலையை நீட்டினார்கள்.

ஈர மண்ணின் வாசனை பட்டறை முழுக்க நிறைந்தது. குழாய்க்குள் கறுப்புக் கரம்பை பளபளத்தது. அதன் நடுவில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். அதற்குப் பக்கத்தில் விரல் கனத்துக்கு மணல். மணலை ஒட்டி, காய்ந்து வெடித்த தரை அப்படியே வெடிப்போடு உறைந்து கிடந்தது. மறுபடியும் கரம்பை, மறுபடியும் மணல். மெல்லிசாக ஒரு கரிக்கோடு. அதற்கப்புறம் ரொம்ப தூரத்துக்குக் கரம்பை.

பரமகுரு குனிந்து பார்த்தார். படத்தில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் படத்தில் நத்தைகள் ஈரமாக இல்லை. படத்துக்கு வாசனையும் இல்லை.

"சார், இது எவ்வளவு வருஷம் சார்?"

"தெரியாதுப்பா. வயசு பார்க்காம சொன்னா பொய்."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் ஆச்சரியப்பட்டார். வகுப்பில் அவர் தெரியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

பவதாரணி அதற்குள் குழாயின் நீளத்துக்கும் நடந்து முடித்திருந்தாள். மறுமுனையில் போய் நின்று குனிந்தாள்.

"மார்க்கர் இருக்கா சார்?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வகுப்பில் அம்புக்குறி அம்புக்குறியாக எழுதித் தள்ளுகிற மார்க்கர்தான். அது இவ்வளவு நேரமும் நெஞ்சுக்கு நேரே இருந்திருக்கிறது.

அவள் குழாயின் விளிம்பில் ஒரு அம்புக்குறி போட்டாள். யோசிக்கவே இல்லை. தன் பக்கத்து முனையைக் காட்டிப் போட்டாள்.

"இதுதான் மேல்."

"எப்படித் தெரியும்?"

"இங்க வந்து பாருங்க சார்."

பரமகுரு போய்ப் பார்த்தார். அந்த முனையில் கறுப்பும் இல்லை, மணலும் இல்லை. ஒரு முழ நீளத்துக்குச் செங்கல் தூள். சிமெண்ட் கட்டி. துருப்பிடித்த கட்டுக்கம்பி. ஒரு ஷாம்பு பாக்கெட்டின் மூலை. அதற்கடியில் நசுங்கிய மிட்டாய்த் தாள் ஒன்று. அதன் பச்சை நிறம் கொஞ்சமும் மங்கவில்லை.

"இது மழை போட்டதில்ல சார். நாம போட்டது."

"இதைக் கொட்டி இருபத்தஞ்சு வருஷம் இருக்கும்."

"இருக்கும் சார்."

"நீ அப்ப பிறக்கவே இல்ல."

"இல்ல சார்."

"நீ பாத்தியா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

பவதாரணி சிரிக்கவில்லை. குழாயின் அடிமுனைக்கு நடந்து போனாள். மண்ணில் படாமல் ஒரு விரலை அதன்மேல் நீட்டினாள். அப்படியே மெதுவாக நடந்து வந்தாள். கரம்பை. நத்தை. மணல். வெடிப்பு. கரம்பை. கரிக்கோடு. அந்த நீளமான கரம்பையைக் கடக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு செங்கல் தூள் வந்தது, மிட்டாய்த் தாள் வந்தது, விளிம்பு வந்தது. விரல் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றுக்கு வந்து அங்கேயே நின்றது.

சிரிப்பு அடங்கியிருந்தது.

"இதுக்கு மேல என்ன விழும் சார்?"

பரமகுருவுக்குப் பதில்கள் தெரியும். வரப்போகிற வெயிலைப் பற்றி ஒரு திரை நிறையக் கோடுகள் தெரியும். மேலே போகிற கோடு, அதைவிட மேலே போகிற கோடு. எல்லாம் தொண்டைவரை வந்தன.

அவர் அவள் கையிலிருந்த மார்க்கரைத் திருப்பிக் கேட்கவில்லை.

"அதை நான் பார்க்க மாட்டேன்மா" என்றார். "நீ பார்ப்பே."